ஆர்வி கேம்பிங்ல ஜெனரேட்டர் ஓட்டணுமா? பக்கத்து சைட்டுக்காரங்க மூஞ்சி சுளிக்காம ஓட்டுற வழி

ஜெனரேட்டர் வச்சிருக்கிற யாரை வேணா கேளுங்க, "என்னோடது சத்தமே வராதுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. பொய் சொல்லல, அவங்களுக்கு நிஜமாவே கேக்காது. அமெரிக்காவுல ஓடுற ஆர்வி (படுக்கை, கிச்சனோட வீடு மாதிரி இருக்கிற பயண வண்டி) பெரும்பாலும் எப்படி இருக்கும்னா கதவு, ஆனிங் (வண்டி ஓரமா விரிக்கிற நிழல் பந்தல்), நாற்காலி போட்டு உக்கார்ற இடம் எல்லாம் பேசஞ்சர் பக்கம், ஜெனரேட்டர் எக்ஸாஸ்ட்டு அனேகமா டிரைவர் பக்கம் இல்லன்னா பின்னாடி. கேம்ப்கிரவுண்ட்ல வரிசையா நிறுத்தினா நம்ம டிரைவர் பக்கத்துக்கு நேரா என்ன இருக்கும்? அடுத்த சைட்டுக்காரரோட ஆனிங், அவரோட பிக்னிக் டேபிள். நமக்கு லேசா ஒரு உறுமல், அவருக்கு காதுக்குள்ள மோட்டார்.

அதனால மொத வேலை, டெசிபல் நம்பரெல்லாம் படிக்கிறதுக்கு முன்னாடி, ஜெனரேட்டரை ஆன் பண்ணிட்டு நடந்து போய் பக்கத்து சைட்டுக்காரர் உக்கார்ற இடத்துக்கு கிட்டத்தட்ட நேரா நில்லுங்க (அவங்க சைட்டுக்குள்ள நுழையாம, ரோட்டு ஓரமா நின்னா போதும்). அங்க நின்னு சாதாரண குரல்ல பேசினா எதிர்ல இருக்கிறவருக்கு கேக்குமான்னு பாருங்க. கேக்கலன்னா இடம் மாத்தணும், இல்ல திருப்பி வைக்கணும், இல்ல நேரத்தைக் குறைக்கணும். இதுல எதுவுமே செலவு இல்ல.

ரூல் என்ன சொல்லுது

ரெண்டு விஷயத்தை ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறவங்க நிறைய பேரு. க்வையட் ஹவர்ஸ் (சத்தம் போடக்கூடாத நேரம்) வேற, ஜெனரேட்டர் ஹவர்ஸ் (ஜெனரேட்டர் ஓட்டலாம்னு அனுமதிச்ச நேரம்) வேற. நேஷனல் பார்க் எல்லாத்துக்கும் பொதுவான ஃபெடரல் விதிப்படி ராத்திரி 10 மணில இருந்து காலை 6 மணி வரை தேவையில்லாத சத்தம் போடக்கூடாது. உடனே சில பேரு காலை 6:01க்கு ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ற கயிறை இழுத்துடுவாங்க, க்வையட் ஹவர்ஸ் முடிஞ்சுதேன்னு. அப்படி இல்ல, ஜெனரேட்டருக்குன்னு நிறைய கேம்ப்கிரவுண்ட்ல தனியா நேரம் போட்டிருப்பாங்க, அது இன்னும் குறுகலா இருக்கும். உதாரணத்துக்கு ஜோஷுவா ட்ரீ பார்க்ல காலை 7 டு 9, மதியம் 12 டு 2, சாயங்காலம் 5 டு 7, அவ்வளவுதான். மத்த பார்க்ல வேற மாதிரி இருக்கும், சீசனுக்கு சீசன் மாறவும் செய்யும், அதனால புக் பண்ணும்போதே அந்தக் கேம்ப்கிரவுண்ட் பேஜ்ல பாருங்க, போனதும் நுழைவாயில்ல இருக்கிற போர்டுலயும் ஒருதடவ பாருங்க. சில கேம்ப்கிரவுண்ட்ல ஒரு முழு லூப்பையே (ஒரு வளைவு ரோட்டைச் சுத்தி இருக்கிற சைட்டு வரிசை) ஜெனரேட்டர் இல்லாத லூப்புன்னு ஒதுக்கி வச்சிருப்பாங்க. சைட்டு நல்லா நிழலா இருக்கேன்னு அந்த லூப்புல புக் பண்ணிட்டு அப்புறம் ஜெனரேட்டரை வெளிய எடுத்தா ரேஞ்சர் வந்து நிறுத்தச் சொல்லுவாரு, அவரு மேல தப்பு இல்ல.

டெசிபல் கணக்கும் ஒண்ணு இருக்கு. நேஷனல் பார்க் விதியில மோட்டார், ஜெனரேட்டர் மாதிரி சாதனம் 50 அடி தூரத்துல 60 டெசிபலைத் தாண்டக்கூடாது. இது கொஞ்சம் தாராளமான கணக்கு மாதிரி தெரியும், ஆனா வீடு கட்டுற சைட்ல யூஸ் பண்ற ஓப்பன் ஃப்ரேம் ஜெனரேட்டருக்கு இதுவே கஷ்டம். அதுல நிறைய மாடல் 7 மீட்டர் தூரத்துல 70 டெசிபலை ஒட்டி இருக்கும், தூரம் ரெண்டு மடங்கானா திறந்த வெளியில சுமார் 6 டெசிபல் குறையும், அப்ப 50 அடியில 63, 64. ஆக அதை ஓட்டினா நேரம் சரியா இருந்தாக்கூட ரூல் உடைஞ்சிடும்.

பிஎல்எம்ங்கிற அமெரிக்க அரசு நிலத்துறையோட நிலம், அதாவது பாலைவனத்துல காசு கட்டாம நிறுத்துற பூண்டாக்கிங் இடங்கள்ல, பொதுவா நேரம் போட்ட போர்டு எதுவும் இருக்காது. அங்க ரூல் இல்லங்கிறது ஃப்ரீ பாஸ் இல்லங்க. சொல்லப்போனா அங்கதான் அதிகமா கவனிக்கணும், ஏன்னா மறைக்க மரம் இல்ல, சுத்தி வேற சத்தமும் இல்ல, ராத்திரி தரை குளிர்ந்ததும் கீழ குளிர் காத்து மேல சூடு காத்துன்னு ஆகி சத்தம் மேல போகாம தரையை நோக்கி வளைஞ்சு ரொம்ப தூரம் போகும். பகல்ல 200 அடியில கேக்காத ஜெனரேட்டர் ராத்திரி அதைவிட எங்கயோ தள்ளி இருக்கிறவருக்கும் கேக்கும். இவ்வளவு பெரிய பாலைவனத்துல ஏற்கனவே ஒருத்தர் தனியா நிறுத்தியிருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே போய் நிறுத்துறவங்க ஒரு ரகம், அதுலயும் ஜெனரேட்டரோட போய் நிறுத்துறவங்களை என்ன சொல்றதுன்னே தெரியல. தள்ளிப் போங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து உங்க பக்கமிருந்து அவங்க பக்கம் காத்து போகாத மாதிரி, அவங்களைத் தாண்டி காத்து போற பக்கமா நிறுத்துங்க.

மிஷின் பத்தி கொஞ்சம்

சாதாரண ஜெனரேட்டர் 60 ஹெர்ட்ஸ் கரண்ட் தரணும்னா இஞ்சின் நிமிஷத்துக்கு 3600 சுத்து சுத்திக்கிட்டே இருக்கணும், நீங்க போனை மட்டும் சார்ஜ் பண்ணினாலும் அதே கத்தல்தான். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் அப்படி இல்ல, வர்ற கரண்டை மொதல்ல டிசி ஆக்கி அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் வச்சு திரும்ப வீட்டுக் கரண்ட் மாதிரி ஏசி கரண்ட் ஆக்குது, அதனால லோடு கம்மியா இருக்கும்போது இஞ்சின் மெதுவா ஓடலாம். ஹோண்டாவோட 2200 மாடல் கால்வாசி லோடுல 48 டெசிபல், முழு லோடுல 57ன்னு கம்பெனி சொல்லுது. 10 டெசிபல் கூடினா காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தோணும்னு வச்சுக்கிட்டா, அதே மிஷின்தான், ஆனா நீங்க என்ன லோடு போடுறீங்கங்கிறதைப் பொறுத்து பக்கத்துல இருக்கிறவருக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். லோடுக்கு ஏத்த மாதிரி இஞ்சின் வேகத்தைக் குறைக்கிற ஈக்கோ சுவிட்சை ஆன்ல வைங்க. "ஈக்கோ போட்டா மைக்ரோவேவ் ஸ்டார்ட் ஆகும்போது திணறுது"ன்னு சிலர் நிரந்தரமா ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க, மைக்ரோவேவ் போடுற அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் ஆஃப் பண்ணிட்டு திரும்ப போட்டாப் போதும்.

ஒரு பெரிய இன்வெர்ட்டருக்கு பதிலா ரெண்டு சின்னதை பேரலல் கேபிள் போட்டு இணைக்கிறது நல்ல யோசனை. ஒரே மாதிரி ரெண்டு மிஷின் சேர்ந்து ஓடினா 3 டெசிபல்தான் கூடும், ஏர் கண்டிஷனர் (இனிமே ஏசின்னா அதுதான்) தேவைப்படாத நாள்ல ஒண்ணை மட்டும் ஓட்டலாம், தூக்குறதும் சுலபம்.

எங்க வைக்கிறது, எப்படி வைக்கிறது

எக்ஸாஸ்ட்டை யாரும் இல்லாத பக்கம் திருப்புங்க, சும்மா உங்களை விட்டுத் திருப்புறது மட்டும் இல்ல. ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா ரோட்டுப் பக்கம் இல்லன்னா பின்னாடி காடு இருந்தா காட்டுப் பக்கம். பிக்கப் டிரக்கோட பின்பக்க பெட்டுல வச்சே ஓட்டுறவங்க நிறைய, திருட்டு பயம், தூக்கி இறக்க சோம்பல், ரெண்டும் புரியுது, ஆனா அந்தத் தகரம் தவில் தோல் மாதிரி அதிரும். மண் தரையில இறக்கி, அடியில ஒரு தடிமன் ரப்பர் மேட் போட்டு வைங்க, அந்த அடித்தொண்டை உறுமல் குறையும். பிக்னிக் டேபிள் மேல, கான்க்ரீட் மேல வைக்காதீங்க. திருட்டுக்கு சங்கிலி போட்டு ஹிட்ச்சோட (வண்டி இழுக்கிற கொக்கி) பூட்டிக்கலாம்.

தூரம் வேணும்னா நீளமான வயர் வேணும், அதுக்கு கடையில கிடைக்கிற மெல்லிசு எக்ஸ்டென்ஷன் கார்டு ஆகாது, வோல்டேஜ் விழுந்து ஏசி கம்ப்ரசர் சூடாகும். 25 அடிக்கு 10 கேஜ் (கேஜ் நம்பர் குறைய குறைய வயர் தடிமன்) வயர் இருந்தா நிம்மதி.

நடுவுல ஒரு தடுப்பு வைக்கலாம். ரெண்டு ப்ளைவுட் பலகையை எல் வடிவத்துல நிறுத்தி, ஜெனரேட்டருக்கும் பக்கத்து சைட்டுக்கும் நடுவுல வச்சா நேரா போற சத்தம் நல்லாவே குறையும், ஜெனரேட்டர்ல இருந்து ரெண்டு மூணு அடி தள்ளி வைங்க, மேல திறந்தே இருக்கட்டும். பெட்டி செஞ்சு உள்ள வச்சு மூடுற வீடியோ ஏகப்பட்டது சுத்துது, அதைப் பார்த்துட்டு யாரும் இறங்க வேண்டாம், காத்தால குளிர்ற இஞ்சின் அது, மூடினா சூடேறி நின்னா அதிர்ஷ்டம், இல்லன்னா தீ. அதே போல நேஷனல் ஃபாரஸ்ட் நிலத்துல ஸ்பார்க் அரெஸ்டர் இல்லாத ஜெனரேட்டரை ஓட்டாதீங்க, சைலன்சர் வாயில இருக்கிற சின்ன ஜல்லடைதான் அது, தீப்பொறி வெளிய வராம பிடிக்கும், கரி அடைச்சிருக்கான்னு அப்பப்ப கழட்டி சுத்தம் பண்ணுங்க.

இப்ப சத்தத்தை விட முக்கியமானது, புகை. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல. நம்ம ஆர்விக்குள்ள டிடெக்டர் இருக்கும், பக்கத்துல டென்ட்ல படுத்திருக்கிற குடும்பத்துக்கு அது இருக்காது. வீடுகளுக்கு சொல்ற அளவு கதவு ஜன்னல்ல இருந்து குறைஞ்சது 20 அடி, அதே கணக்கை உங்க ஜன்னலுக்கும், அவங்க டென்ட்டுக்கும் சேர்த்தே வச்சுக்கோங்க. ஆர்வியோட சேர்ந்தே வர்ற பில்ட்-இன் ஜெனரேட்டரை நகத்த முடியாது, அதனால அதுக்கு சைட்டு தேர்ந்தெடுக்கிறதுலயே வேலை முடிஞ்சிடணும், எக்ஸாஸ்ட்டு பைப் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சு அந்தப் பக்கம் காலி இருக்கிற சைட்டா எடுங்க, இல்லன்னா ரிவர்ஸ்ல போறதுக்கு பதிலா முன்பக்கமா நேரா நுழைஞ்சு நிறுத்த முடியுமான்னு பாருங்க. சுவரோ மண்மேடோ ஒட்டி நிறுத்தினா புகை வெளிய போகாம அடியிலயே தங்கி தரை வழியா உள்ள ஏறும், அதையும் பாத்துக்கோங்க. ஜன்னலை சாத்துங்க, ஆனிங் கீழ போர்ட்டபிள் ஜெனரேட்டரை வைக்கவே வைக்காதீங்க, மழை பெஞ்சாலும் சரி.

ஓட்டுற நேரத்தைக் குறைக்கிறதுதான் அசல் மரியாதை

என் கருத்து இதுதான்: 60 டெசிபல்ல ஒரு மணி நேரம் ஓடுற மிஷினை ஜனங்க பொறுத்துப்பாங்க, 50 டெசிபல்ல நாள் முழுக்க ஓடுறதைத்தான் பொறுத்துக்க மாட்டாங்க. அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் ஓடுதுன்னு பாக்கணும். முக்கால்வாசி பேருக்கு பதில் பேட்டரி சார்ஜிங்.

லெட் ஆசிட் பேட்டரி எப்படி சார்ஜ் ஆகும்னா, சுமார் 80 சதவீதம் வரை கொடுக்கிற ஆம்பியரை எல்லாம் விழுங்கும், அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாதான் எடுத்துக்கும், கடைசி 20 சதவீதத்துக்கு பல மணி நேரம் ஆகும். 200 ஆம்பியர் ஹவர் பேட்டரி பேங்க் பாதி காலியா இருக்கு, 55 ஆம்பியர் சார்ஜர்னு வச்சுக்குவோம். 50ல இருந்து 80 வரை 60 ஆம்பியர் ஹவர், அது ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. மிச்சம் 40 ஆம்பியர் ஹவருக்கு இன்னும் மூணு நாலு மணி நேரம் அந்த ஜெனரேட்டர் சும்மா உறுமிட்டு இருக்கும், உள்ள போறது சொற்பம். அதனால காலையில அனுமதிச்ச நேரத்துல ஒரு ஒண்ணேகால் மணி நேரம் ஓட்டி 80க்கு கொண்டு வந்துட்டு நிறுத்துங்க, மிச்சத்தை கூரை மேல இருக்கிற சோலார் பாத்துக்கும், 200 வாட் பேனல் நல்ல வெயில் நாள்ல 60 ஆம்பியர் ஹவர் கிட்ட தரும். சாயங்காலம் ஜெனரேட்டர் போட்டு ஃபுல் பண்றதும், மதியம் வெயில் உச்சியில ஜெனரேட்டர் போடுறதும் வேஸ்ட்டு, சோலார் செய்ற வேலையை இது போட்டிபோட்டு செய்யும். லெட் ஆசிட்டை எப்பவும் 80லயே விட்டா சல்ஃபேட் படிஞ்சு கெட்டுப்போகும், அதனால வாரத்துல ஒருதடவ ஹூக்கப் (சைட்டுலயே கரண்ட் கனெக்‌ஷன்) இருக்கிற இடத்துல தங்கி முழுசா ஏத்திடுங்க.

பழைய ட்ரெய்லர்ல இன்னொரு சிக்கல், கூட வர்ற கன்வெர்ட்டர் (கரண்டை டிசியா மாத்தி பேட்டரிக்கு ஏத்துற பெட்டி) பலதுல 13.6 வோல்ட்டுக்கு மேல போகாது. பேட்டரிக்கு 14.4 கிட்ட வேணும். அந்த வித்தியாசம் சின்னதா தெரியும் ஆனா சார்ஜ் ரொம்ப மெதுவாதான் ஏறும், ஆளு ரெண்டு மணி நேரத்துக்கு பதிலா அஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு பேட்டரி மோசம்னு திட்டிட்டு இருப்பாரு. சார்ஜ் அளவுக்கு ஏத்த மாதிரி வோல்டேஜை மாத்துற மல்டி ஸ்டேஜ் கன்வெர்ட்டரா மாத்துங்க, ஜெனரேட்டரை விட கம்மி செலவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட்டா இன்னும் சுலபம், அது கிட்டத்தட்ட நிறையற வரைக்கும் முழு ஆம்பியரையும் வாங்கிக்கும், ஆனா அதுக்கு ஏத்த சார்ஜர் வேணும். வண்டி ஓட்டும்போதே ஆல்டர்னேட்டர்ல இருந்து டிசி டு டிசி சார்ஜர் வழியா ஏத்திக்கிறதும் உண்டு, 40 ஆம்பியர்ல மூணு மணி நேரம் ஓட்டினா போய்ச் சேரும்போதே பேட்டரி நல்லாவே ஏறியிருக்கும், அன்னைக்கு சாயங்காலம் ஜெனரேட்டரே வேண்டாம்.

அனுமதிச்ச நேரத்துக்குள்ள பெரிய லோடு எல்லாத்தையும் முடிங்க. ஆனா 1800 வாட் மிஷின்ல எல்லாம் ஒரே நேரத்துல ஆகாது, மைக்ரோவேவ் 1500 இழுக்கும், சார்ஜர் ஒரு 900, ரெண்டும் சேர்ந்தா ட்ரிப் ஆகும். அதனால மொதல்ல மைக்ரோவேவ், காபி மேக்கர், ஹேர் ட்ரையர் இதெல்லாம் ஒண்ணு ஒண்ணா முடிச்சுட்டு, அந்த நேரம் சார்ஜர் பிரேக்கரை ஆஃப்ல வச்சிருந்து, அப்புறம் ஆன் பண்ணி விடுங்க. ஃப்ரிட்ஜு, வாட்டர் ஹீட்டர் ரெண்டும் கேஸ்ல ஓடுறதா இருந்தா கேஸ்லயே விட்டுடுங்க, ஃப்ரிட்ஜை ஆட்டோல விட்டா ஜெனரேட்டர் ஆன் ஆனதும் கரண்டுக்குத் தாவிடும்.

ஏசிதான் பெரிய தலைவலி. 13,500 பிடியூ ஏசி ஓடும்போது 1300ல இருந்து 1500 வாட், ஸ்டார்ட் ஆகும்போது அதைவிட ரொம்ப அதிகம், அந்த ஸ்டார்ட் இழுவையைக் குறைக்கிற சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டினா சின்ன இன்வெர்ட்டரே தாங்கும், ஆனா தாங்குதேன்னு நாள் முழுக்க முழு லோடுல ஓட்டினா சத்தம் உச்சத்துலதான் இருக்கும். ஏசி இல்லாம முடியாத ஊருக்கு வெயில் காலத்துல போறீங்கன்னா கரண்டு ஹூக்கப் இருக்கிற சைட்டு எடுங்க, வேற வழியே இல்ல. இல்லன்னா மேல ஏறுங்க, 1000 அடிக்கு சுமார் 3.5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் (வேடிக்கை என்னன்னா ஜெனரேட்டர் பவரும் 1000 அடிக்கு கிட்டத்தட்ட 3.5 சதவீதம் குறையும்). வண்டிக்குள்ள நாயை விட்டு அதுக்காக ஏசி போட்டுட்டு நாள் முழுக்க ஹைக்கிங் போறவங்களும் உண்டு, ஜெனரேட்டர் நடுவுல நின்னா நாய் கதி என்ன, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு எட்டு மணி நேரம் சத்தம், ரெண்டு வகையிலயும் சரியில்ல.

ஆட்டோ ஸ்டார்ட் இருக்கிற பெரிய மோட்டார்ஹோம்காரங்க கவனிங்க. பேட்டரி வோல்டேஜ் இறங்கினா அதுவா ஸ்டார்ட் ஆகிடும், ராத்திரி 3 மணின்னு அதுக்குத் தெரியாது. செட்டிங்ல க்வையட் டைம்னு ஒண்ணு இருக்கும், அதை கேம்ப்கிரவுண்ட் நேரத்துக்கு மாத்துங்க, இல்ல முழுசா ஆஃப் பண்ணுங்க. டைம் ஜோன் தாண்டி வந்திருந்தா கடிகாரத்தையும். மாசம் ஒருதடவ பாதி லோடுல ரெண்டு மணி நேரம் ஓட்டணும்னு மேனுவல்ல சொல்லியிருக்கிற அந்த எக்ஸர்சைஸ் ஓட்டத்தை ஹைவேல போகும்போது முடிச்சுக்கோங்க, பில்ட்-இன்னுக்கு அது நல்லாவே ஒத்துவரும், பெட்ரோல் பங்க்குக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி மட்டும் நிறுத்திடணும்.

பேசுறது

ஆன் பண்றதுக்கு முன்னாடி பக்கத்துல போய் ஒரு வார்த்தை சொல்றது எவ்வளவு வேலை செய்யும்னு சொன்னா நம்ப மாட்டீங்க. "ஒரு மணி நேரம் ஓட்டப் போறேங்க, சாப்பிடுற நேரமா இருந்தா சொல்லுங்க, தள்ளி வச்சுக்கிறேன்"னு சொன்னா போதும். எப்ப நிக்கும்னு தெரிஞ்ச சத்தம் அவ்வளவா எரிச்சல் தராது. சொன்ன நேரத்துக்கு நிறுத்தணும், அதுதான் விஷயம். எட்டு மணி வரை அனுமதி இருந்தாலும் எல்லாரும் தீ மூட்டி உக்காந்திருக்கிற நேரத்துல ஓட்டாதீங்க.

நீங்க அந்தப் பக்கம் இருக்கீங்கன்னா? மொதல்ல போர்டைப் பாருங்க, அது அனுமதிச்ச நேரமா இருந்தா நீங்க கேக்கிறது ஒரு உதவிதான், உரிமை இல்ல. "எத்தனை மணி வரை ஓடும்?"னு ஆரம்பிங்க, "எப்ப நிறுத்துவீங்க?"ன்னு இல்ல, ரெண்டும் ஒரே கேள்விதான் ஆனா வாங்குறவருக்கு ஒரே மாதிரி இல்ல. எக்ஸாஸ்ட்டைக் கொஞ்சம் திருப்ப முடியுமான்னு கேட்டா பெரும்பாலும் சரின்னுடுவாங்க, அவங்களுக்கு தெரிஞ்சே இருக்காது. ராத்திரி 10க்கு மேல ஓடுதுன்னா நேரா போய் கதவைத் தட்ட வேண்டாம், இருட்டுல தெரியாதவர் கதவைத் தட்டுறது யாருக்கும் பிடிக்காது, கேம்ப் ஹோஸ்ட்டோ ரேஞ்சரோ அதுக்குத்தான் இருக்காங்க. அவங்க மிஷினை நீங்களே போய் ஆஃப் பண்றது மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ள ஆக்ஸிஜன் மிஷினோ சீபேப்போ (தூக்கத்துல மூச்சு தடைபடாம காத்து கொடுக்கிற மிஷின்) ஓடிட்டு இருக்கலாம்.

சீபேப் யூஸ் பண்றவங்களுக்கு: ஹ்யூமிடிஃபையரையும் சூடாக்குற ட்யூபையும் ஆஃப் பண்ணிட்டா அது சுமார் 30ல இருந்து 60 வாட்தான், 12 வோல்ட் அடாப்டர் வாங்கி நேரா பேட்டரில போட்டா 40 வாட் கணக்குல 8 மணி நேரத்துக்கு 320 வாட் ஹவர், ஒரு நல்ல 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி தாராளமா தாங்கும், ராத்திரி ஜெனரேட்டர் தேவையே இல்ல. ஹ்யூமிடிஃபையர் இல்லாம ஒத்துக்குமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் மாதிரி அதிகமா இழுக்கிறது இருந்தா கரண்டு சைட்டே எடுங்க, கிடைக்கலன்னா போறதுக்கு முன்னாடியே பார்க்குக்கு போன் பண்ணி என்ன ஏற்பாடு இருக்குன்னு கேளுங்க.

கடைசியா டீசல் வண்டிக்காரங்களுக்கு ஒண்ணு, இது ஜெனரேட்டர் இல்ல ஆனா சத்தம் அதேதான். காலையில 5:30க்கு கிளம்புறேன்னு இஞ்சினைப் போட்டு இருபது நிமிஷம் வார்ம் அப் பண்ணாதீங்க. ஹூக்கப் கழட்டுறது, ஜாக் ஏத்துறது, ஸ்லைடு (வெளிய தள்ளி விரிச்ச அறைப் பகுதி) உள்ள இழுக்கிறது, காரை ஹிட்ச் பண்றது இதையெல்லாம் முடிஞ்சவரை ராத்திரியே இல்லன்னா இஞ்சின் போடுறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, ஏர் பிரேக் பிரஷர் ஏறினதும் மெதுவா நகர்ந்துடலாம், மிச்ச சூடு ரோட்டுல மெதுவா போகும்போதே ஏறிக்கும். ரொம்ப சீக்கிரம் கிளம்பணும்னா முந்தின ராத்திரியே வெளிய போற வழிக்குப் பக்கத்துல ஒரு சைட்டு கேட்டு வாங்கிக்கோங்க.